ஒரு டோஸ் போதும் என்று நிரூபித்த வார்டில் ஐந்து நாள் ஊசி: ஒரு நிகழ்வு ஆய்வு

இது ஒரு பெரிய மருத்துவமனையின் அறுவை சிகிச்சைத் துறையில் நடந்தது. ஆட்கள், இடம், ஆண்டு எதையும் குறிப்பிடவில்லை. அடையாளம் தெரியக்கூடாது என்பதால் எண்ணிக்கைகளையும் தோராயமாகவே சொல்கிறேன். அந்தத் துறையின் ஆய்வுகளுக்குப் புள்ளியியல் வேலை செய்து கொடுத்தவன் நான். இதில் வரும் தவறுகளில் எனக்கும் பங்கு உண்டு.

பின்னணி

முன்கூட்டியே நாள் குறித்துச் செய்யும் சுத்தமான அறுவை சிகிச்சைகளில் (குடலிறக்கம், தைராய்டு, மார்பகக் கட்டி போன்றவை) காயத்தில் சீழ் பிடிக்காமல் இருக்கத் தடுப்பு ஆன்டிபயாடிக் கொடுப்பது வழக்கம். தோலைக் கீறும் நேரத்தில் திசுவில் மருந்து போதுமான அளவு இருக்க வேண்டும் என்பதுதான் இதன் அடிப்படை. தையல் போட்ட பிறகும் நாள்கணக்கில் தொடர்வதால் கூடுதல் பாதுகாப்பு கிடைப்பதாகச் சான்று இல்லை. கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போவது, வயிற்றுப்போக்கு, சிறுநீரகப் பாதிப்பு ஆகிய ஆபத்துகள்தான் கூடும். உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல், கீறலுக்கு முந்தைய 120 நிமிடங்களுக்குள் மருந்தைக் கொடுக்க வேண்டும் என்றும், அறுவை சிகிச்சை முடிந்தபின் அதை நீட்டிக்க வேண்டாம் என்றும் சொல்கிறது.

எங்கள் துறையின் மூத்தவர்கள் இதை முழுதாக நம்பவில்லை. வேறெங்கோ எடுத்த முடிவு, நம் வார்டின் நெரிசலுக்குப் பொருந்துமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதனால் சொந்தமாகவே ஒரு சோதனை நடத்தினோம். குலுக்கல் முறையில் நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஒரே டோஸும் மற்றதற்கு வழக்கமான ஐந்து நாளும் கொடுத்தோம். ஒரு டோஸ் பிரிவில் தொற்று கூடவில்லை. கட்டுரை வெளிவந்தது, மாநாட்டில் பரிசும் கிடைத்தது. வேலை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

கேள்வி எழுந்த விதம்

இரண்டு ஆண்டு கழித்து, நிதி கொடுத்த அமைப்பிடமிருந்து ஒரு படிவம் வந்தது. அதில் ஒரு கேள்வி: இந்த ஆய்வால் நோயாளிகளுக்கு என்ன மாறியது?

முதல் வரைவை நான்தான் எழுதினேன். மேற்கோள் எண்ணிக்கை, இதழின் தாக்கக் காரணி, பதிவிறக்கங்கள், மாநாட்டுப் பரிசு என்று நான்கு வரி. தாக்கக் காரணி ஒரு இதழின் சராசரியைச் சொல்வது. எந்த ஒரு கட்டுரையைப் பற்றியும் அது எதுவும் சொல்லாது. இதழ் சார்ந்த அளவீடுகளைத் தனிக் கட்டுரையின் தரத்துக்குப் பதிலாகப் பயன்படுத்தக்கூடாது என்பதற்காகவே 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடி ஒரு பிரகடனம் எழுதினார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதினேன், கைக்குக் கிடைத்த எண் அதுதான்.

வரைவைப் படித்த துறைக் கூட்டத்தில் வார்டின் தலைமைச் செவிலியரும் இருந்தார். கிருமிநாசினிப் பற்றாக்குறையைப் பேச வந்தவர் அவர். படித்து முடித்ததும் சாதாரணமாகக் கேட்டார்: "சார், அஞ்சு நாள் ஊசி இன்னும் போட்டுக்கிட்டுத்தானே இருக்கோம்? எப்ப நிறுத்தினோம்?"

யாரும் பதில் சொல்லவில்லை. அப்படி இருக்காது என்றார் துறைத் தலைவர். சரி, பார்த்துவிடலாம் என்று முடிவானது.

கேஸ் ஷீட்டுகளில் கண்டது

கடைசியாக டிஸ்சார்ஜ் ஆன நோயாளிகளில், எங்கள் சோதனையில் சேரத் தகுதி இருந்திருக்கக்கூடிய அறுபது பேரின் கேஸ் ஷீட்டுகளை எடுத்தோம். சுமார் பத்தில் எட்டுப் பேருக்கு மூன்று நாளோ அதற்கு மேலோ ஊசி போயிருந்தது. எங்கள் ஆய்வு முடிவு, அது நடந்த வார்டிலேயே நடைமுறையில் இல்லை.

இன்னொன்றையும் கண்டோம், நாங்கள் தேடிப் போகாதது. முதல் டோஸை வார்டிலேயே காலை ஆறு மணிக்குக் கொடுத்துவிடுகிறார்கள். தியேட்டரில் இரண்டாவது, மூன்றாவதாக எடுக்கப்படும் நோயாளிக்குக் கீறல் விழும்போது மணி பதினொன்று, பன்னிரண்டு ஆகிவிடும். அதாவது தேவையான நேரத்தில் திசுவில் மருந்து குறைந்திருக்கும், தேவையில்லாத நான்கு நாளும் மருந்து ஓடிக்கொண்டிருக்கும். தியேட்டரில் மாட்டியிருந்த அறுவை சிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலிலேயே, கடந்த 60 நிமிடங்களுக்குள் ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டதா என்ற கேள்வி இருக்கிறது. எல்லா ஷீட்டிலும் அங்கே டிக் இருந்தது. நேரம் எழுத இடம் இல்லை.

ஓர் ஆய்வு முடிவு நடைமுறைக்கு வர 17 ஆண்டு ஆகிறது என்ற கணக்கை இந்தத் துறையில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்டிருப்பார்கள். 2000இல் பாலாஸும் போரனும் எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது அது. நான் அதைக் கேட்கும்போதெல்லாம் கண்டங்கள் தாண்டும் தூரத்தைத்தான் நினைத்திருக்கிறேன். எங்கள் ஆய்வு அறைக்கும் அந்த வார்டுக்கும் நடுவே இருப்பது இரண்டு மாடிப் படிக்கட்டு.

ஏன் மாறவில்லை

உடனே ஒரு விழிப்புணர்வு வகுப்பு வைக்கலாம் என்றுதான் முதல் யோசனை வந்தது. தலைமைச் செவிலியர் தடுத்தார். யாருக்கு என்ன தெரியவில்லை என்று முதலில் கேளுங்கள், அப்புறம் வகுப்பு எடுங்கள் என்றார். இரண்டு வாரம் வார்டிலும் தியேட்டரிலும் மருந்தகத்திலும் உட்கார்ந்து கேட்டோம்.

எளிதாகப் பிடிபட்ட காரணம் ஒரு தாள். அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய உத்தரவுகளுக்கு அச்சிட்ட படிவம் ஒன்று உண்டு. அதில் "ஊசி, 5 நாள்" என்ற வரி ஏற்கெனவே அச்சாகியிருந்தது. பயிற்சி மருத்துவர் கையெழுத்து மட்டும் போட்டால் போதும்; நிறுத்த வேண்டுமென்றால்தான் அடித்துத் திருத்தி எழுத வேண்டும். சோதனையில் இருந்த நோயாளிகளுக்கு நாங்கள் வேறு நிறத்தில் தனித் தாள் அடித்திருந்தோம். சோதனையோடு அந்தத் தாளும் தீர்ந்துவிட்டது. சரியான நேரத்தில் டோஸ் கொடுக்கவென்றே நாங்கள் சம்பளம் கொடுத்து வைத்திருந்த ஆய்வுச் செவிலியரும் போய்விட்டார். சோதனைக்காகக் கட்டிய சாரத்தை அவிழ்த்ததும் வார்டு பழைய வழக்கத்துக்கே திரும்பியிருக்கிறது. இதில் யாருடைய பிடிவாதமும் இல்லை.

பயிற்சி மருத்துவர்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை மாறுகிறார்கள். எங்கள் கட்டுரையைப் படித்தவர் ஒருவர்கூட அப்போது டியூட்டியில் இல்லை. ஒருவர் வெளிப்படையாகச் சொன்னார்: "நான் நிறுத்தி, அப்புறம் சீழ் வந்தா, ரவுண்ட்ஸ்ல யாரைக் கேப்பாங்க?"

மூத்த அறுவை சிகிச்சையாளர் ஒருவர் சொன்னதுதான் எனக்கு அதிகம் உறைத்தது. பல ஆண்டுகளுக்கு முன் குடலிறக்கத்தைச் சரிசெய்ய ஒரு நோயாளியின் வயிற்றுச் சுவரில் அவர் பொருத்திய செயற்கை வலை சீழ் பிடித்திருக்கிறது. "வலை கெட்டுப் போனா மறுபடி வயித்தைத் திறக்கப் போறது நான். உங்க சராசரி வந்து திறக்காது" என்றார். மேலும் துருவியபோது அவர் பக்கமும் நியாயம் இருந்தது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களை எங்கள் சோதனையில் சேர்க்கவில்லை. அவர் தினமும் பார்க்கும் நோயாளிகளில் கணிசமானவர்கள் அப்படிப்பட்டவர்கள். இந்த முடிவு அவர்களுக்குப் பொருந்துமா என்று அவர் கேட்டால், எங்கள் கட்டுரையில் பதில் இல்லை.

கட்டுரையையும் மறுபடி எடுத்துப் படித்தோம். "ஒற்றை டோஸ் தடுப்பு மருந்து" என்று இருந்தது. யார் கொடுத்தார்கள், எங்கே வைத்து, எத்தனை மணிக்கு, அறுவை சிகிச்சை நீண்டால் என்ன செய்தார்கள் என்பதெல்லாம் இல்லை. ஒரு சிகிச்சையை மற்றவர்கள் அப்படியே திரும்பச் செய்யும்படி விவரிக்க வேண்டும் என்று 2014இலேயே ஒரு சரிபார்ப்புப் பட்டியல் வந்துவிட்டது. நாங்கள் பின்பற்றவில்லை. எங்கள் கட்டுரையை வைத்துக்கொண்டு எங்கள் சோதனையை எங்களாலேயே திரும்பச் செய்ய முடியாது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, எதை எண்ணுவது என்பது. பக்ஸ்டனும் ஹானியும் 1996இல் முன்வைத்த சட்டகம் ஒன்று இருக்கிறது. ஆய்வின் பலனை ஐந்து வகையாகப் பிரிக்கிறது: அறிவு; அடுத்தடுத்த ஆய்வுகளுக்கான பயன்; கொள்கைக்கும் நிர்வாகத்துக்குமான பயன்; சுகாதாரத் துறைக்கான பயன்; பரந்த பொருளாதாரப் பயன். என் வரைவை அதில் பொருத்திப் பார்த்தேன். நான்கு வரியும் அறிவு என்ற முதல் வகையிலேயே விழுந்தன. நான்காவது வகையை, அதாவது சுகாதாரத் துறைக்கான பயனை, நிரப்ப மூன்று அளவுகளைத் தேர்ந்தெடுத்தோம். கீறலுக்கு முன் 120 நிமிடத்துக்குள் டோஸ் பெற்றவர்கள் எத்தனை பேர். அறுவை சிகிச்சை நாளோடு ஊசியை நிறுத்தியவர்கள் எத்தனை பேர். 30 நாளுக்குள் காயத்தில் தொற்று வந்தவர்கள் எத்தனை பேர்.

மூன்றாவது அளவு இல்லாமல் முதல் இரண்டையும் எண்ணக்கூடாது என்பதில் எல்லோரும் உறுதியாக இருந்தோம். மருந்தைக் குறைத்துவிட்டுத் தீங்கைத் தேடாமல் இருப்பது சரியல்ல. காயத் தொற்றுகளில் நிறைய, டிஸ்சார்ஜ் ஆன பிறகுதான் வெளியே தெரியும். வார்டுப் பதிவேட்டை மட்டும் பார்த்தால் எல்லாம் சுபமாகத் தெரியும். அதனால் ஒவ்வொருவரையும் 30ஆம் நாள் தொலைபேசியில் அழைப்பது என்று வைத்தோம். வலை பொருத்தியவர்களுக்கு 90ஆம் நாள் இன்னொரு அழைப்பு.

வகுப்பை ஒத்திவைத்துவிட்டு அச்சுப் படிவத்தை மாற்றினோம். ஐந்து நாள் வரி எடுக்கப்பட்டது. முதல் டோஸ் வார்டிலிருந்து தியேட்டருக்கு, மயக்கவியல் மருத்துவரின் கைக்கு மாறியது. டிக் போடும் கட்டத்தில் மணி எழுத வேண்டும் என்றானது.

அதிகம் வாக்குவாதம் நடந்தது நீட்டிப்பைத் தடை செய்யலாமா என்பதில். இளையவர்கள் தடை வேண்டும் என்றார்கள். மூத்தவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். கடைசியில், நீட்டிக்கலாம், ஆனால் ஒரு வரியில் காரணம் எழுத வேண்டும் என்று ஒப்புக்கொண்டோம். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களைப் பற்றி எங்களிடமே சான்று இல்லாதபோது தடை போடுவது நேர்மையாகவும் இருந்திருக்காது.

இது தர மேம்பாடா, ஆய்வா என்று நெறிமுறைக் குழுவிடம் கேட்டோம். சுருக்கமான திட்டம் ஒன்றைக் கேட்டார்கள். தொலைபேசி அழைப்புக்கு டிஸ்சார்ஜின்போதே சம்மதம் வாங்கச் சொன்னார்கள். அதற்குள் ஒரு மாதம் ஓடிவிட்டது.

வாராந்திர எண்ணிக்கையை வரைபடமாகச் சுவரில் ஒட்டினோம். வரைபடம் மட்டுமே பெரிதாக எதையும் மாற்றாது என்று தெரிந்துதான் செய்தோம். தணிக்கை செய்து முடிவைத் திருப்பிச் சொல்லும் முறையைப் பற்றி மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2012இல் வெளியிட்ட தொகுப்பு 140 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. விரும்பிய நடைமுறையில் ஏற்பட்ட முன்னேற்றத்தின் இடைநிலை அளவு நூற்றுக்கு 4.3 புள்ளிதான்.

நடந்தது

மூன்றாவது வாரத்தில் கோடு சடாரென்று சரிந்தது. ஊசியை நீட்டிப்பது பாதிக்கும் கீழே போயிருந்தது. அன்றிரவே நிதி அமைப்புக்கான அறிக்கையில் ஒரு பத்தி எழுதிவிட்டேன். மறுநாள் மருந்தாளுநரிடம் பெருமையாகக் காட்டியபோது அவர் சிரித்தார். அந்த ஊசி இரண்டு வாரமாக வரத்து இல்லை, இருந்ததைத் தியேட்டருக்கு மட்டும் ஒதுக்கியிருந்தோம் என்றார். பக்கத்து எலும்பு முறிவுத் துறையில் நாங்கள் எதையுமே மாற்றவில்லை. அங்கும் அதே வாரங்களில் அதே சரிவு இருந்தது. பத்தியை அழித்தேன். அன்றிலிருந்து அந்தத் துறையின் எண்ணிக்கையையும் ஒப்பீட்டுக்காகக் குறிக்கத் தொடங்கினோம். தொடக்கத்திலேயே செய்திருக்க வேண்டியது.

மருந்து திரும்ப வந்ததும் கோடு ஏறியது, ஆனால் பழைய உயரத்துக்குப் போகவில்லை. பிறகு மெல்ல மெல்ல இறங்கியது. எலும்பு முறிவுத் துறையில் முன்பிருந்த இடத்துக்கே போய் நின்றது. நேர அளவில் முன்னேற்றம் வேகமாகவே வந்தது. மணி எழுத வேண்டும் என்றானதும் மயக்கவியல் மருத்துவர்கள் தாங்களாகவே டோஸைச் சரியான நேரத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அதற்கு மேல் நாங்கள் எதுவும் செய்யவில்லை.

நான்காம் மாதம் புதிய பயிற்சி மருத்துவர்கள் வந்தார்கள், கோடு மறுபடி ஏறியது. காரணத்தைத் தேடினால், இரவு டியூட்டி அலமாரியில் பழைய படிவக் கட்டுகள் இருந்தன. புதுப் படிவம் தீர்ந்தால் அதிலிருந்து எடுத்திருக்கிறார்கள். தலைமைச் செவிலியர் அவற்றை இரண்டாகக் கிழித்து, கணக்கு எழுதும் துண்டுத் தாளாக்கிவிட்டார்.

இதற்கிடையே "தொற்று சந்தேகம்" என்ற காரணம் பெருகியது. கேஸ் ஷீட்டில் காய்ச்சல் இல்லை, காயத்தில் சிவப்பு இல்லை, ஆனால் காரணக் கட்டத்தில் சந்தேகம் இருந்தது. ஒரு வரி எழுதினால் போதும் என்று நாங்களே வழி திறந்துவிட்டிருந்தோம். இதை யார் சரிபார்ப்பது என்ற பேச்சு வந்தபோது, ஒருவரும் எதிர்பாராத விதமாக, அந்த மூத்த அறுவை சிகிச்சையாளர் தானே பார்ப்பதாகச் சொன்னார். தொலைபேசி அழைப்புகளின் பட்டியலை வாராவாரம் அவரவர் நோயாளி வாரியாகக் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஒரு டோஸோடு நிறுத்திய தன் நோயாளிகள் ஒவ்வொருவராக நலமாக இருப்பதை அவர் அதில் பார்த்திருக்கிறார். எங்கள் கட்டுரை அவரை அசைக்கவில்லை. அந்தப் பட்டியல் அசைத்தது. அவர் கேள்வி கேட்கத் தொடங்கியதும் சந்தேகங்கள் குறைந்தன.

ஆறாம் மாத முடிவில் பத்தில் ஆறு பேருக்கு அன்றைக்கே ஊசி நின்றது. இதைக் கொண்டாடிக்கொண்டிருந்தபோது, அழைப்புகளைச் செய்துவந்த செவிலியர் ஒரு செய்தியோடு வந்தார். நலம் விசாரித்தபோது ஒரு நோயாளி, "வீட்டுக்குக் கொடுத்த மாத்திரையை முழுசா முடிச்சுட்டேன் சிஸ்டர்" என்று சொல்லியிருக்கிறார். எந்த மாத்திரை? டிஸ்சார்ஜ் சம்மரிகளை எடுத்துப் பார்த்தோம். ஊசியை நிறுத்திய பலருக்கு ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஊசியை மட்டும் எண்ணிய எங்கள் அளவுகோலுக்கு அது தெரியவில்லை. மாத்திரையையும் சேர்த்துக் கணக்கிட்டால், உண்மையில் ஒரு டோஸோடு நிறுத்தியவர்கள் பத்தில் நான்கு பேர்தான்.

தொற்று கூடியதாக அழைப்புகளில் தெரியவில்லை. நோயாளிகளின் எண்ணிக்கை சிறியது. சிறிய வேறுபாடு இருந்திருந்தால் எங்கள் கண்ணில் பட்டிருக்காது. அறிக்கையிலும் அப்படியே எழுதினோம்.

நிதி அமைப்புக்குப் போன அறிக்கையில் மேற்கோள் எண்ணிக்கை ஒரு வரியானது. மீதி இரண்டு பக்கமும் இந்தக் கதை, பத்தில் நான்கு என்ற கணக்கு உட்பட. மாற்றத்துக்கு எங்கள் சோதனைதான் காரணம் என்று எழுதவில்லை. சர்வதேச வழிகாட்டுதல் இருந்தது, படிவம் மாறியது, ஒரு மூத்தவர் மனம் மாறினார்; இவற்றில் ஒன்றாக எங்கள் ஆய்வும் இருந்தது. பலவீனமாகத் தெரிகிறது என்று துறைத் தலைவர் வருத்தப்பட்டார். அடுத்த நிதிக்கான பேச்சில் அமைப்பு கேட்ட முதல் கேள்வி, சோதனை முடிந்த பிறகான ஓராண்டுக்கு ஏன் வரவுசெலவில் இடம் இல்லை என்பது.

எதை மாற்றிச் செய்வோம்

சோதனையை வார்டின் வழக்கமான ஆட்களையும் வழக்கமான தாள்களையும் வைத்தே நடத்துவோம். கோவிட் சிகிச்சைகளைச் சோதிக்கப் பிரிட்டனில் நடந்த ரெகவரி சோதனை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே சேர்க்கையும் பதிவும் எளிமையாக்கப்பட்டு, சாதாரண மருத்துவமனை வார்டுகளுக்குள்ளேயே சோதனை நடந்தது. டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து பலன் தருகிறது என்று 2020 ஜூன் 16 அன்று அறிவித்தார்கள். அன்றைக்கே அங்கே அது சிகிச்சையில் சேர்ந்தது. மருந்து மலிவானது, எல்லா வார்டிலும் ஏற்கெனவே இருந்தது, அவசரமும் இருந்தது என்பது உண்மைதான். ஆனால் தனி நிறத் தாள் வைத்துக்கொண்டு நடத்தியிருந்தால் அந்த வேகம் வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

சோதனைக்கு முன்பே அப்போதைய நடைமுறையை அளந்து வைப்போம். எங்களிடம் அது இல்லை. அறுபது கேஸ் ஷீட்டுக்கு முன் வார்டு எப்படி இருந்தது என்பது ஞாபகத்தில் மட்டுமே இருக்கிறது. ஊசியா மாத்திரையா என்று பிரிக்காமல், மொத்தம் எத்தனை நாள் ஆன்டிபயாடிக் என்று 30ஆம் நாள் வரை எண்ணுவோம். ஒப்பீட்டுத் துறையை முதல் நாளே தேர்ந்தெடுப்போம். பயிற்சி மருத்துவர்கள் மாறும் தேதிகளை நாள்காட்டியில் குறித்துவைப்போம்.

நோயாளிகளிடம் எதையும் கேட்காமல்தான் அளவுகளை முடிவு செய்தோம். அழைப்புகளில் பலர் தாங்களாகச் சொன்னது, அறுவைக் காயத்தைவிடக் கையில் ஐந்து நாள் இருந்த ஊசிக் குழாய்தான் வலித்தது, வீங்கியது என்று. அந்தக் குழாய் எப்போது எடுக்கப்பட்டது என்பது எங்கள் எந்த அளவிலும் இல்லை.

டிஸ்சார்ஜ் சம்மரியின் அச்சில் இருந்த மாத்திரை வரியை இப்போது எடுத்திருக்கிறோம். கோடு அடுத்து எங்கே போகும் என்று பார்க்க வேண்டும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களைச் சேர்த்து அடுத்த சோதனைக்குத் திட்டம் எழுதியாகிவிட்டது. அந்த மூத்தவர் அதில் இணை ஆய்வாளர். தலைமைச் செவிலியர் திட்டக் குழுவில் இருக்கிறார். முதல் கூட்டத்தில் அவர் கேட்டது, சோதனை முடிந்த பிறகு படிவம் அச்சடிக்கும் செலவு யார் கணக்கில் என்று. அந்த வரியைச் சேர்த்து வரவுசெலவைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம்.